ஆச்சி போட்ட மூன்று கோடு

கழுகுமலையில் ஏறும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பிள்ளைகள் இரண்டு பேரும், இறங்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

என் அக்கா பிள்ளைகள். வேலு ஏழாம் வகுப்பு, பள்ளி ஹாக்கி அணியில் ஆடுகிறான். கயல் மூன்றாம் வகுப்பு. பாறை சூடாவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று கோவில்பட்டியில் இருந்து அதிகாலைப் பேருந்தில் வந்திருந்தோம். ஏறும்போது யார் முன்னால் போவது என்று சண்டை. இறங்கும்போது கயல் சரிவான இடங்களில் உட்கார்ந்து, கையை ஊன்றி, நகர்ந்து நகர்ந்து வந்தாள். வேலு நின்றபடிதான் இறங்கினான். ஆனால் இடது காலை எடுத்து வைக்கும்போது இல்லாத ஒரு தயக்கம், வலது கால் முறை வந்தால் மட்டும் வந்தது. அப்போதெல்லாம் அவன் கை பக்கத்துப் பாறையைத் தேடியது.

"வலிக்காலே?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. வலியெல்லாம் எப்பவோ போயிட்டு. ஆனா இந்தக் கால நம்ப முடியல."

போன கோடை விடுமுறையில் நடந்தது எனக்கு நினைவு வந்தது. ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் பந்தைத் துரத்தி ஓடியவனுக்கு, நில வெடிப்பில் வலது கால் இறங்கி மடங்கிவிட்டது. கரண்டைக்கால் பூரி மாதிரி உப்பிவிட்டது. ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்து, வலியும் போய், மறுபடி ஓடத் தொடங்கிவிட்டான். சரியாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம்.

வலி இல்லாத காலை ஏன் நம்ப முடியவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அன்று முழுவதும் பேசினோம். நீங்களும் கூட வாருங்கள். முதலில் மறுபடி மலை மேலே போவோம், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முந்திய இடத்துக்கு.

கழுகுமலை என்றதும் எல்லோரும் வெட்டுவான் கோவிலைச் சொல்வார்கள். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய ஒற்றைக்கல் கோவில். முடிக்காமலே விட்ட கோவில். அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் மேலே போனால், பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள். அதில் ஓர் உருவத்தின் முன்னால் கயல் நின்றுவிட்டாள். கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கும் ஒருவர். காலிலும் உடம்பிலும் கொடி சுற்றிப் படர்ந்திருக்கிறது.

"இவரு ஏன் மாமா கொடியப் பிச்சுப் போடல?"

அவர் பாகுபலி. அசையாமல் நின்று தவம் செய்தார், கொடி வந்து சுற்றும் அளவுக்கு நெடுநாள் நின்றார் என்பது சமணர் கதை. கயல் உடனே, "நானும் அப்படி நிப்பேன்" என்றாள். சரி, ஒரு நிமிடம் பார்ப்போம் என்று கைப்பேசியில் நேரம் வைத்தேன். வேலுவும் நின்றான்.

நீங்களும் இப்போதே எழுந்து நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பாதமும் ஒட்டி இருக்கட்டும், கை தொங்கட்டும். பக்கத்தில் ஒருவரைக் குனிந்து உங்கள் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தால் நீங்கள் சிலை மாதிரி நிற்பதாகத் தோன்றும். உண்மை பாதத்தில்தான் தெரியும். கால்விரல்கள் தரையை ஒரு முறை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். பாதத்தின் மேற்பக்கம் தோலுக்கு அடியில் கயிறு மாதிரி சில கோடுகள் எழும்பி அமுங்கும். நரம்பு புடைக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அவை நரம்பு அல்ல, தசையை எலும்போடு கட்டும் தசைநாண்கள். இழுத்து விட்டு, இழுத்து விட்டு, அந்த ஒரு நிமிடமும் அவை ஓயவே ஓயாது.

கயலின் பாதத்தை நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பாகுபலியின் கல் பாதத்துக்குப் பக்கத்தில், அந்தச் சின்னப் பாதம் துடித்துக்கொண்டே இருந்தது.

ஏன் இந்தத் துடிப்பு? திருவிழாவில் வாங்கும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பாகம் உருண்டை, எடை முழுவதும் அங்கேதான். தட்டினால் சாயும், தானே நிமிரும். நம் உடம்பு அதற்கு நேர் எதிர். நம் எடையெல்லாம் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளும் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக் கூட்டுக்குள் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருக்கிற எடையைத் தாங்க நமக்குத் தரையில் கிடைத்த இடமோ இரண்டு பாதங்களும், அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியும் மட்டும். அந்த இடத்துக்குத் தாங்குதளம் என்று பெயர். ஈர்ப்பு மையத்தில் இருந்து ஒரு தூக்குக்குண்டை, கொத்தனார் சுவருக்குப் பிடிப்பாரே அந்தக் குண்டை, தொங்கவிட்டதாக நினையுங்கள். குண்டு தாங்குதளத்துக்குள் இருக்கும் வரை நிற்கலாம். வெளியே போய்விட்டால் விழ வேண்டியதுதான், அல்லது ஓர் அடி எடுத்து வைத்துத் தளத்தையே நகர்த்த வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நேராக நிற்கும்போது அந்தக் குண்டு கரண்டைக்காலுக்கு நேர் கீழே வருவதில்லை. சில சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. அப்படியானால் நாம் எப்போதுமே முன்பக்கம் சாய்ந்து விழத் தொடங்கியவர்கள்தான். கெண்டைக்கால் தசை பின்னால் இருந்து இழுத்துப் பிடிக்கிறது. கூடுதலாக இழுத்தால் பின்னால் சாய்வோம். உடனே விடுகிறது. குறைந்தால் முன்னால் சாய்வோம். மறுபடி இழுக்கிறது. நிற்பது என்று நாம் சொல்வது இந்த ஓயாத திருத்தத்தைத்தான். கல்லால் ஆன பாகுபலிக்குத்தான் அது தேவையில்லை.

அடுத்து ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். வேலு இடது காலில் அசையாமல் நின்றான். வலது காலில் நின்றபோது பாதம் இடமும் வலமும் ஆடியது. ஆனாலும் சமாளித்துவிட்டான். "இப்ப கண்ண மூடு" என்றேன். மூன்று எண்ணுவதற்குள் காலை ஊன்றிவிட்டான். கயல் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, ஒன்று என்று எண்ணுவதற்கு முன்பே என் மேல் சாய்ந்தாள்.

(நீங்கள் கண்ணை மூடிச் செய்வதாக இருந்தால் சுவர் ஓரமாக நின்று செய்யுங்கள். மலை மேல் வேண்டாம். நாங்கள் அகலமான சமதளத்தில் நின்று, நான் ஒரு கையால் அவர்களைப் பிடித்துக்கொண்டுதான் செய்தோம்.)

கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஒரு வகை நரம்பு நோயாளிகள் கண் திறந்திருக்கும் வரை நன்றாக நிற்பதையும், கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுவதையும் அவர் கவனித்து எழுதினார். அப்படிப்பட்டவர்கள் முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போதே தடுமாறுவார்கள். கால் தசையில் பலம் இருக்கிறது. ஆனால் கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் குறையைக் கண் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. இன்றும் உலகம் முழுவதும் மருத்துவர்கள் செய்யும் அந்தப் பரிசோதனைக்கு அவர் பெயர்தான்.

நாம் விழாமல் இருக்க மூளைக்கு மூன்று இடங்களில் இருந்து தகவல் போகிறது. ஒன்று கண். இரண்டாவது, காதுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கருவி. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள். உள்ளே திரவம். தலையைத் திருப்பினால் திரவம் பின்தங்கும், அதை வைத்துத் தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தெரியும். அதன் பக்கத்திலேயே மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் பிசின் போன்ற ஒரு படலத்தின் மேல் ஒட்டியிருக்கின்றன. முட்டை ஓடு எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட். தலை சாய்ந்தால் துகள்கள் சரியும், எந்தப் பக்கம் கீழே என்று தெரியும். தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றதும் உலகமே சுற்றுகிறதே, அது குழாய்க்குள் திரவம் இன்னும் அடங்காததால்.

மூன்றாவதுதான் வேலுவின் கதைக்கு முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்கள் அல்லவா? கண் பார்க்கவில்லை. பின்னே விரல் எங்கே இருக்கிறது என்று யார் சொன்னது? தசைக்குள்ளும் தசைநாணிலும் மூட்டைக் கட்டியிருக்கும் நார்களிலும் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று அவை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1906-இல் இந்த உணர்வுக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் தன்னிலை உணர்வு என்று சொல்லலாம். பள்ளியில் ஐம்புலன் என்று படிக்கிறோம். இது அந்தக் கணக்கில் சேராத ஒன்று. அது இல்லாமல் இருட்டில் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போக முடியாது.

கால் மடங்கும்போது கரண்டைக்காலின் வெளிப்பக்கம் இருக்கும் நார்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன, சில சமயம் கிழிகின்றன. அதுதான் சுளுக்கு. நார் ஆறிவிடும், வலியும் போகும். ஆனால் பல பேருக்கு அந்த மூட்டில் இருந்து வரும் செய்தி முன்போலத் தெளிவாக இருப்பதில்லை. கணுக்காலைச் சுற்றிய தசைகளும் முன்பு மாதிரி சட்டென்று இறுகுவதில்லை. ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். வேலு சொன்னது சரிதான். அந்தக் காலை நம்ப முடியவில்லை, ஏனென்றால் அது அனுப்பும் சேதி மங்கலாக இருக்கிறது. கண்ணைத் திறந்திருந்தபோது கண் அதை மறைத்துக் காப்பாற்றியது. மூடியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

கயல் விழுந்ததற்குக் காரணம் வேறு. சின்னப் பிள்ளைகள் நிற்பதற்குக் கண்ணைத்தான் அதிகம் நம்புகிறார்கள். மூன்று தகவல்களையும் பெரியவர்கள் மாதிரி சேர்த்துப் பார்க்க மூளை மெல்ல மெல்லத்தான் பழகும். அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இனி இறங்குவோம். கிணற்றில் வாளியை இறக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நிறைந்த வாளியை மேலே இழுக்கக் கைக்குப் பலம் வேண்டும். அதே நிறைந்த வாளியை நலுங்காமல் கீழே இறக்க வேண்டும் என்றால்? கயிற்றை இறுக்கியும் பிடிக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக விடவும் வேண்டும். படி இறங்கும்போது உங்கள் தொடையின் முன்பக்கத் தசை செய்வது இந்த வேலையைத்தான். ஏறும்போது அது சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே, அதே நேரம் தாங்கிக்கொண்டே, உடம்பைக் கீழே விடுகிறது. மூச்சு வாங்காது. ஆனால் தசைக்கு அது கடுமையான வேலை. பழக்கம் இல்லாதவர்களுக்கு முழங்கால் தந்தி மாதிரி நடுங்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலிக்கும். மலை ஏறியதால் வந்த வலி என்று சொல்வோம். பெரும்பாலும் அது இறங்கியதால் வந்த வலி.

இறங்கும்போது எட்டு சின்னதாக இருக்க வேண்டும். காலை நீட்டி எட்டி வைத்தால், பாதம் பாறையை நேராக அமுக்காமல் முன்பக்கமாகத் தள்ளுகிறது. வழுக்குவது அப்போதுதான். சின்ன எட்டு வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்தால், உடம்பு பாதத்துக்கு மேலேயே வரும். அந்த மலையடிவார ஊர்க்காரர் ஒருவர் எங்களுக்கு முன்னால் தலையில் ஒரு மூட்டையோடு இறங்கிப்போனார். அவர் கால்களைப் பார்க்கச் சொன்னேன். குட்டிக் குட்டி எட்டு. சத்தமே இல்லை.

"நடக்கும்போது எவ்ளோ நேரம் ஒத்தக் கால்ல நிக்கோம், சொல்லு பாப்போம்" என்று வேலுவிடம் கேட்டேன். நடக்கும்போது எங்கே ஒற்றைக் காலில் நிற்கிறோம் என்று திருப்பிக் கேட்டான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கால் தரையில் இருந்து கிளம்பி முன்னால் போய் ஊன்றும் வரை மற்றக் கால்தான் முழு உடம்பையும் தாங்குகிறது. இரண்டு பாதமும் ஒரே சமயத்தில் தரையில் இருப்பது, சாதாரண நடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும். மிச்சம் நான்கு பங்கும் ஒற்றைக் கால்தான். அந்த நேரத்தில் தூக்குக்குண்டு ஊன்றிய பாதத்துக்கு மேலே கூட இருப்பதில்லை. அதன் உட்பக்கமாகக் கடந்து போகிறது. அப்படியென்றால் ஒவ்வோர் எட்டிலும் நாம் விழத் தொடங்கி, அடுத்த காலால் பிடித்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் எத்தனை ஆயிரம் தடவை விழாமல் தப்பியிருப்பீர்கள்!

ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தில் பெரிய பாரம் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குத்தான். இடுப்பெலும்பின் மேட்டுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் உள்ளங்கையை வையுங்கள். வைத்தபடியே அந்தக் காலில் மட்டும் நில்லுங்கள். சதை கல் மாதிரி இறுகுவது கைக்குத் தெரியும். பூங்காவில் இருக்கும் ஏற்றப் பலகையில் ஒரு பக்கம் இந்தத் தசை, மறுபக்கம் உங்கள் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் கட்டைதான் தொடையெலும்பின் பந்து மூட்டு. உடம்பின் எடை அந்த மூட்டில் இருந்து தூரமாக உட்பக்கம் இழுக்கிறது. தசையோ மூட்டுக்கு மிக அருகில் வெளிப்பக்கம் இருந்து இழுக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தோராயமாக எடையின் பக்கம் 10 சென்டிமீட்டர், தசையின் பக்கம் 5 சென்டிமீட்டர். நீளம் குறைந்த பக்கம் இருமடங்கு இழுத்தால்தான் பலகை சமமாக நிற்கும். இந்தத் தசை சோர்ந்தால் தூக்கிய கால் பக்கம் இடுப்பு கீழே இறங்கிவிடும். பிரீட்ரிக் டிரெண்டலென்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895-இல் இதை விவரித்தார்.

எங்கள் அம்மா, இந்தப் பிள்ளைகளுக்கு ஆச்சி, இந்தச் சமநிலைக் கணக்கை எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்து காட்டுவாள். இடது இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்ததும் அவள் உடம்பு வலப்பக்கம் ஒடியும், வலது கை தானாக வெளியே நீளும். குடமும் அவளும் சேர்ந்து ஒரே எடை. அந்த மொத்த எடையின் குண்டு பாதங்களுக்கு நடுவே விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஒடிசல்.

அடிவாரத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாயைப் பிரித்தோம். எதிரே கழுகாசலமூர்த்தி கோவில். இந்த மலை முருகனைப் பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைக் கேட்டிருப்பீர்கள். நடந்துவரும் காலுக்கு ஏற்ற தாளம் அதற்கு. காவடி எடுப்பவர்களைப் பங்குனி உத்திரத்தில் கவனித்துப் பாருங்கள். தோள் மேல் குறுக்காக ஒரு தண்டு, இரு முனையிலும் பாரம். கையை விட்டுவிட்டு ஆடுவார்கள், காவடி விழாது. எப்படி?

வீட்டில் ஒட்டடைக் கம்பை எடுத்து உள்ளங்கையில் நிமிர்த்தி நிற்க வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். இப்போது ஒரு பென்சிலை நிற்க வையுங்கள். முடியாது. இரண்டுமே சாயத்தான் செய்கின்றன. கம்பு மெதுவாகச் சாய்கிறது, கையை நகர்த்த நேரம் கொடுக்கிறது. பென்சில் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. எடை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒரு பொருள் சுழல மறுக்கும். கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நீளக் கம்போடு நடப்பது இதனால்தான். காவடியின் இரு முனைப் பாரமும் அதே வேலையைச் செய்கிறது. சட்டென்று ஒரு பக்கம் சாயவிடாமல் நேரம் வாங்கிக் கொடுக்கிறது. கரகாட்டக்காரர் செய்வது இன்னும் நுட்பம். காலும் முழங்காலும் இடுப்பும் எத்தனை வேகமாக ஆடினாலும், அந்த அதிர்வு கழுத்துக்கு மேலே ஏறாமல் இடையிலேயே அடக்கிவிடுகிறார். தலை அசையாது, குடமும் அசையாது.

தலைச்சுமை பற்றி ஒரு நல்ல ஆராய்ச்சி உண்டு. கென்யாவில் லுவோ, கிகுயு இனப் பெண்கள் கனமான சுமையோடு சாதாரணமாக நடந்து போவதைப் பார்த்து வியந்த அறிவியலாளர்கள், நடக்கும்போது அவர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அளந்தார்கள். தங்கள் உடல் எடையில் 20 சதவீதம் வரை சுமந்தபோது, சுமையே இல்லாமல் நடக்கும்போது ஆகும் செலவுக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை! 1986-இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. சுமையோடு நடக்கும்போது உடம்பை ஓர் ஊசல் போல ஏற்றி இறக்கி, ஒவ்வோர் எட்டின் ஆற்றலையும் அடுத்த எட்டுக்கு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் விறகும் தண்ணீரும் சுமந்து நடந்த நடையையும் யாராவது இப்படி அக்கறையாக அளந்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதைப் படிக்கிற உங்களில் ஒருவர் செய்யலாம்.

திரும்பி வரும் பேருந்தில் இரண்டு பக்கமும் கரிசல். இந்த மண்ணில் இருக்கும் களி, ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு. மழை பெய்தால் ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து உப்பும், காலைப் பிடித்து இழுக்கும். கோடையில் தண்ணீர் போனதும் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சில வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஓடும் பாதம் அதன் விளிம்பில் பட்டால், பாதம் உட்பக்கம் மடங்க எடுக்கும் நேரம் மிகமிகக் குறைவு. சறுக்கியதை உணர்ந்து உடம்பு தானாகத் திருத்திக்கொள்ளவே பத்தில் ஒரு நொடி வேண்டும். "ஐயோ" என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் காப்பாற்ற வேண்டியது சிந்தனை அல்ல, பழகிய கால்.

சாயும்போது உடம்பு என்னென்ன செய்கிறது என்று ஃபே ஹோராக், லூயிஸ் நாஷ்னர் என்ற இருவர் 1980-களில் ஆராய்ந்தார்கள். நிற்கும் தரையைச் சட்டென்று நகர்த்திப் பார்த்தார்கள். சமமான அகலத் தரையில் லேசாகச் சாய்ந்தால் கணுக்காலை மட்டும் வைத்துச் சமாளிக்கிறோம். பாதத்தைவிடக் குறுகலான கட்டை மேல் குறுக்காக நின்றால் கணுக்கால் உதவாது, இடுப்பை மடக்கி நிமிர்த்திச் சமாளிக்கிறோம். அதுவும் முடியாவிட்டால் ஓர் அடி எடுத்து வைக்கிறோம். வீட்டு வாசற்படியின் விளிம்பில் பாதி பாதத்தில் நின்று பாருங்கள், இடுப்பு தானாக ஆடத் தொடங்கும்.

கோவில்பட்டி ஹாக்கி ஊர். இங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். அணி வெண்கலத்தோடு வந்தது. ஹாக்கி ஆடுபவரின் நிலையைப் பாருங்கள். முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, கால் அகன்று இருக்கும். ஈர்ப்பு மையம் கீழே இறங்குகிறது, தாங்குதளம் விரிகிறது. எதிராளி இடித்தாலும் உடம்பு எளிதில் சாயாது. ஆனால் அப்படியே இருந்தால் ஓட முடியாது. ஓடுவதற்குக் குண்டைத் தளத்துக்கு வெளியே வேண்டுமென்றே எறிய வேண்டும். எறிவதும் பிடிப்பதும்தான் ஆட்டம். 1976 மான்ட்ரியல் போட்டியில் இருந்து ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்தரையில் நடக்கிறது. அதில் மேடு பள்ளம் இல்லை. வேலு பழகுவது கட்டாந்தரையில். அவன் காலுக்கு வேலை அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சியிடம் கோலமாவு கேட்டேன். முற்றத்தில் ஒரு புள்ளி வைத்து, அதில் இருந்து மூன்று கோடு இழுத்தேன். ஒன்று நேர் முன்னால். மற்ற இரண்டும் பின்னால், ஒன்றுக்கொன்று செங்கோணமாக விரிந்து. புள்ளியில் ஒரு காலில் நிற்க வேண்டும். கை இடுப்பில். மற்றக் காலை ஒவ்வொரு கோட்டின் மேலும் எட்டும் மட்டும் நீட்டி, நுனிவிரலால் லேசாகத் தொட்டு, ஊன்றாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். நீட்டுகிற காலுக்கல்ல, நிற்கிற காலுக்குத்தான் பரீட்சை. நாலைந்து தடவை பழகிவிட்டு, பிறகு மூன்று தடவை அளக்க வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு உலகம் முழுக்கச் செய்யும் சோதனை இது. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களில் முன்கோட்டில் இரண்டு காலுக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தவர்களுக்குக் காலில் அடிபடும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதையே சொல்லிவிடவில்லை. ஆனாலும் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல வழி.

வேலு இடது காலில் நின்று முன்னால் 55 சென்டிமீட்டர் எட்டினான். வலது காலில் நின்றபோது 49. நாடாவை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தான். "ஆறு கொறையுது" என்று சன்னமாகச் சொன்னான்.

அன்றிலிருந்து பல் துலக்கும் நேரம் முழுவதும் வலது காலில் நிற்கிறான். முதல் வாரம் கண்ணைத் திறந்து. பிறகு மடித்த போர்வை மேல் நின்று. இப்போது சுவரை ஒட்டி நின்று கண்ணை மூடியும் முயற்சி செய்கிறான். சுளுக்கிய காலுக்கு இந்த மாதிரிப் பயிற்சி கொடுத்தால் மறுபடி சுளுக்குவது குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. (கால் வீங்கியிருந்தாலோ வலி இருந்தாலோ இதைச் செய்யக் கூடாது. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.) பாண்டி ஆடும்போதும் நொண்டி அடிக்கும்போதும் நீங்கள் செய்வது இதே பயிற்சிதான். கயலோடு பாண்டி ஆட வேலு இப்போது மறுப்பதில்லை.

ஆறு வாரம் கழித்து அளந்தோம். வலது கால் 53.

அன்று அளந்து முடித்து நாடாவைச் சுருட்டும்போது ஆச்சி வந்தாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, புள்ளியில் நின்றாள். வலது கால் மெல்ல முன்னால் போய்க் கோட்டைத் தொட்டுத் திரும்பியது. கயல் அந்த இடத்தில் ஒரு பூவை வைத்து அடையாளம் பண்ணினாள்.

வாசல் தெளித்துப் போடும் கோலம் ஒரு நாளுக்கு மேல் தங்காது. நாங்கள் போட்ட கோடும் அப்படித்தான் அழிந்து அழிந்து போனது. இப்போது விடியற்காலையில் ஆச்சி புள்ளிக்கோலம் போட்டு முடித்ததும், நிமிர்வதற்கு முன், பக்கத்தில் தள்ளி ஒரு புள்ளியும் மூன்று கோடும் தனியாகப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.